வல்லரசும் வருணாசிரமமும்

(அத்திப்பட்டில் நடைபெற்ற சுயமரியாதைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



வல்லரசுகளின் அயல்நாட்டுக் கொள்கையைப் பற்றி அத்திப்பட்டில் வந்து பேசுவானேன், அது டில்லியிலிருக்கும் பெரிய மனிதர்களின் விஷயமல்லவா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நமக்குச் சம்பந்தமில்லை என்று நாம் ஒதுக்கி வைக்கும் காரியங்கள்தான் பெரும்பாலும் நம்முடைய செலவில் நடக்கின்றன. கோவில் விஷயமும் அப்படித்தான். அயல்நாட்டு விஷயமும் அப்படித்தான். எண்ணெய் விலை ஏறினால் சனிப் பெயர்ச்சி என்று சொல்ல ஒரு ஜோசியன் இருக்கிறான். நம் கடற்கரைக்கு எந்த நாட்டு எண்ணெய் வரலாம், எந்த நாட்டு எண்ணெய் வரக்கூடாது என்று தீர்மானிப்பது சனியா, மனிதனா என்பதைத்தான் இன்று யோசிக்க வேண்டும்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மணலி இருக்கிறது. அங்கே எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைக்காக 1965-ல் மதராஸ் ரிஃபைனரீஸ் என்ற கம்பெனி ஏற்பட்டது. அதற்குப் பங்காளிகள் மூவர். இந்திய சர்க்காருக்கு நூற்றுக்கு 74 பங்கு. அமோக்கோ என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு 13. ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு 13. 1969-ல் ஆலை வேலை செய்யத் தொடங்கிற்று. இன்று ஒன்றையொன்று கண்டால் ஆகாத அமெரிக்காவும் ஈரானும் அன்று மணலியில் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தன. அது எப்படி?

ஈரானில் முசாதிக் என்ற பிரதம மந்திரி 1951-ல், எங்கள் மண்ணின் எண்ணெய் எங்களுக்கே சொந்தம் என்று வெள்ளைக்காரக் கம்பெனியின் கையிலிருந்து அதை எடுத்துக் கொண்டார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு இலாகாக்கள் சேர்ந்து அவரைக் கவிழ்த்தன. இது வதந்தியல்ல, அமெரிக்க உளவு இலாகாவின் தஸ்தாவேஜே இதை ஒப்புக்கொண்டு 2013-ல் வெளியாயிற்று. 1954-ல் ஏற்பட்ட புது ஏற்பாட்டில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு நூற்றுக்கு 40 பங்கு கிடைத்தது. ஷா மன்னர் கொழுத்தார். அதுவரை ஈரான் நல்ல நாடு. 1979-ல் ஜனங்கள் ஷாவைத் துரத்தினார்கள். அன்று முதல் அது கெட்ட நாடு.

ஷாவுக்குப் பின் வந்த முல்லாக்களின் ஆட்சியை நான் ஆதரிப்பதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. தலைத்துணிக்காகப் பெண்ணை அடிக்கும் ஆட்சி எந்த மதத்தின் பேரால் நடந்தாலும் அது அயோக்கிய ஆட்சியே. ஆனால் அமெரிக்காவின் கோபம் அந்தப் பெண்களுக்காகவா? 2018 வரையில் பெண் கார் ஓட்டக்கூடாது என்று சட்டம் வைத்திருந்த சவூதி அரேபியாவோடு அதற்கு எவ்வளவு சிநேகம்! ஆகவே கோபத்துக்குக் காரணம் கொள்கையல்ல, கொள்முதல்தான் என்பது விளங்கவில்லையா?

2015-ல் ஈரானோடு வல்லரசுகள் அணுசக்தி ஒப்பந்தம் செய்து கொண்டன. ஈரான் அதன்படி நடந்து வருகிறது என்று சர்வதேச அணுசக்தி நிறுவனம் சொல்லிக் கொண்டிருக்கும்போதே, 2018 மே மாதத்தில் அமெரிக்கா விலகிற்று. விலகியதோடு நிற்கவில்லை. ஈரானிடம் எண்ணெய் வாங்குகிற நாடும் டாலர் வியாபாரத்தில் தண்டிக்கப்படும் என்றது. இந்தியா முதலிய எட்டு நாடுகளுக்கு ஆறு மாதம் தவணை கொடுத்தது. 2019 மே மாதத்தில் தவணை முடிந்தது. இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்திக் கொண்டது.

வேடிக்கையைப் பாருங்கள்! அமெரிக்கக் கம்பெனி 1985-லேயே மணலியில் தன் பங்கை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஈரான் கம்பெனியோ தடை வந்தபோதும் நூற்றுக்கு 15-க்கு மேல் பங்கு வைத்திருந்தது. போனவன் நாட்டு உத்தரவினால் இருக்கிறவன் எண்ணெய் வரக்கூடாதாயிற்று. அதே சமயத்தில், எண்ணெய் கொட்டினால் அள்ளுகிறவன் யார்? 2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் கறுத்தபோது, வாளியால் அள்ளியவர்கள் வாஷிங்டன்காரர்களா?

2025-ல் இன்னொன்று நடந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்கிய குற்றத்துக்காக இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா மேலும் 25 சதவிகிதம் வரி போட்டு, ஆகஸ்டு 27 முதல் மொத்தம் 50 சதவிகிதம் ஆக்கிற்று. திருப்பூர் பனியன் தொழிலாளியும் இறால் பண்ணைக்காரனும் ரஷ்ய எண்ணெயைக் கண்ணால் பார்த்ததுண்டா? நம்மைவிட அதிகமாக அந்த எண்ணெயை வாங்கிய சீனாவுக்கு இந்தத் தண்டனை இல்லை. ஏனென்றால் சீனா திருப்பி அடிக்கும். குற்றம் ஒன்று, தண்டனை ஆளுக்கு ஒன்று என்பது மனுதர்மமல்லாமல் வேறென்ன?

ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகள் உண்டு. எல்லோரும் சமம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகளில் ஒன்று வேண்டாமென்றால் மற்றவர்கள் அத்தனை பேரும் கூடி முடிவு செய்தாலும் செல்லாது. கோவில் எல்லோருக்கும் பொது, கர்ப்பக்கிரகம் மட்டும் எங்களுக்கு என்பது போலத்தான் இது. அந்த ஐவரில் அமெரிக்கா மட்டுமல்ல, ரஷ்யாவும் சீனாவும் உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒரு பூசாரியை விட்டு இன்னொரு பூசாரியைப் பிடிப்பதால் பக்தனுக்கு விமோசனமில்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம். 1965, 66-ல் மழை பொய்த்து இந்தியா அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்து நின்றது. கப்பல் வந்தால் வயிற்றுக்குச் சோறு என்ற நிலைமை. ஜனாதிபதி ஜான்சன் நீண்ட ஒப்பந்தம் செய்யாமல், கொஞ்சம் கொஞ்சமாகவே கோதுமையை அவிழ்த்து விட்டார். வியட்நாமில் குண்டு போடுவதைக் குறை கூறிய நாட்டுக்கு அது ஒரு பாடமாயிற்று. 1966 ஜூனில் உலக பாங்கு முதலியவர்களின் நெருக்குதலால் ரூபாயின் மதிப்பையும் குறைத்தார்கள். டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. பசியாறியது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பசித்தவனுக்குப் போடும் சோற்றுக்கு அவன் வாயை விலையாகக் கேட்பது தர்மமாகுமா?

இதுவரை கைதட்டினீர்கள். இனி நான் சொல்லப் போவதற்கும் கைதட்டுவீர்களா பார்க்கிறேன். மேலேயிருப்பவனை வைது கொண்டே, தனக்குக் கீழே ஒருவனை வைத்துக் கொள்வதுதான் ஜாதியின் சூழ்ச்சி. இந்திய சர்க்காரும் அப்படித்தான் நடந்திருக்கிறது. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்துப் போட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழனை யார் கேட்டார்கள்? சமாதானத்துக்கென்று போன பட்டாளம் சண்டைக்குள் இறங்கிற்று. அவ்வருஷம் அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே டாக்டர்களும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பட்டாளம் 1990-ல் திரும்புமுன் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் மாண்டார்கள். 2015-ல் நேபாளம் தன் அரசியல் சட்டத்தைத் தானே எழுதிக் கொண்டபோது, எல்லையில் எண்ணெய் லாரிகள் மாதக்கணக்கில் நின்றன. இந்தியா மறித்தது என்றது நேபாளம், இல்லையென்றது டில்லி. அங்கே அடுப்பு அணைந்தது மட்டும் நிச்சயம்.

அமெரிக்கா நமக்குச் செய்தால் அக்கிரமம், நாம் நேபாளத்துக்குச் செய்தால் ராஜதந்திரம் என்றால் அது சுயமரியாதை அல்ல, வெறும் சுயநலம்.

அப்படியானால் என்ன செய்வது? எல்லா நாட்டோடும் உறவை அறுத்துக் கொண்டு தனியே இருக்க முடியாது, அது பைத்தியக்காரத்தனம். ஆனால் ஒன்று கேட்கலாம். இந்நாட்டில் அயல்நாட்டு ஒப்பந்தம் செய்ய பார்லிமெண்டின் சம்மதம் கட்டாயமல்ல. மந்திரிகள் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. நம்முடைய தொழில், விலைவாசி, உயிர் ஆகியவற்றை அடகு வைக்கும் கடிதத்தை நாம் பார்க்கக்கூட உரிமையில்லை. மந்திரம் நமக்குப் புரியக்கூடாது, தட்சணை மட்டும் நாம் தர வேண்டும் என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? ஆகவே ஒவ்வோர் ஒப்பந்தமும் கையெழுத்தாகு முன் ஜனப் பிரதிநிதிகள் முன் வைக்கப்பட்டு, அவர்கள் சம்மதம் பெற வேண்டும் என்று சட்டம் வரவேண்டும். ஓட்டுக் கேட்டு இவ்வூருக்கு வருகிறவன் எந்தக் கட்சிக்காரனாயிருந்தாலும் இதைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவனுக்கு ஓட்டு எதற்கு என்பதையும் நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.