புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு விருந்து

பிறர் நோயின் பெயரால் நாம் விருந்து உண்பது தகுமா என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஒருபுறம் ஒரு கவளத்தையும் விழுங்க இயலாமல் வருந்துபவர். மறுபுறம் அவருக்காக என்று சொல்லிக்கொண்டு பாயசம் பருகுபவர். இதில் ஏதோ பொருந்தாமை இருப்பதாக மனம் உறுத்துகிறது. தில்லியில் அரசுப் பணியாளர் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் சிலர் கூடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஒரு விருந்து நடத்த முற்பட்டபோது முதலில் எழுந்த கேள்வியும் இதுவே. அவ்விருந்தை நடத்தியதில் அறிந்தவற்றைக் கொண்டு, இத்தகைய விருந்து எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இன்று சொல்ல விழைகிறேன்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதிதாக நம் வாயிலுக்கு வந்தவரையும் அது குறித்தது. ஆகவே விருந்தின் உயிர் உணவில் இல்லை. அயலாரை நம்மவராக ஏற்பதில் இருக்கிறது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு இல்லறவியலில் இடம் தந்ததும் இக்கருத்துப் பற்றியே. நாம் முகம் அறியாத நோயாளியை, ஏன், இன்னும் பிறவாத நோயாளியையும்கூட, நம் பந்தியில் ஒருவராக எண்ணினால் அவ்விருந்து தகும். அவரை மறந்து உண்டால் தகாது.

பொதுமக்களின் ஈகை இத்துறையில் புதியதன்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதியின் வாயிலாகப் பொதுமக்களிடம் பொருள் திரட்டினார். அதன் பயனாக 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. மருத்துவத்தோடு ஆராய்ச்சியையும் தன் கடமையாகக் கொண்டு அது இன்று பெருநிலையமாக நிற்கிறது.

ஆயினும், மருத்துவத்துக்குக் கேட்பது வேறு, ஆராய்ச்சிக்குக் கேட்பது வேறு. ஒரு நோயாளியின் அறுவைச் சிகிச்சைக்கு நிதி தந்தவர், அவர் எழுந்து நடப்பதைக் கண்டு மகிழலாம். ஆராய்ச்சிக்குத் தந்தவருக்கு அந்தக் காட்சி கிடைப்பதில்லை. பனை நடுபவன் நுங்குக்குக் காத்திருக்க வேண்டியதைப் போல அவர் காத்திருக்க வேண்டும். சில வேளைகளில், நினைத்த வழி பயன் தராது என்பதே ஆராய்ச்சியின் முடிவாகும். அதுவும் அறிவே, அவ்வழியில் பிறர் வீணே செல்லாமல் அது தடுக்கும். இவ்வுண்மையை மறைத்து, அடுத்த ஆண்டே நோய் ஒழிந்துவிடும் என்று சொல்லிப் பணம் கேட்பது அறம் அன்று.

ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாய்களே நம் நினைவுக்கு வருகின்றன. மும்பையில் நடந்த ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998-ஆம் ஆண்டு முதல், குடிசைப் பகுதிகளில் வாழும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு கருப்பைவாய்ப் புற்றுநோயை ஆராய்ந்தனர். அவர்கள் கையாண்ட மருந்து, நம் சமையலறை வினிகரில் உள்ள அமிலமே. அதைத் தடவினால், கேடுற்ற இடம் சிறிது நேரத்தில் வெண்மையாகத் தோன்றும். பார்த்தவர்களும் மருத்துவர்கள் அல்லர். பத்தாம் வகுப்பு வரை படித்துப் பயிற்சி பெற்ற பெண்கள். இச்சோதனை நடந்த பகுதிகளில் அந்நோயால் இறந்தவர் தொகை 31 விழுக்காடு குறைந்தது என்று 2013-இல் அறிவித்தனர். வினிகருக்கு என்ன விலை? ஆனால், வீடு வீடாக நடந்த கால்களுக்கும், எழுதிய பதிவேடுகளுக்கும், காத்திருந்த ஆண்டுகளுக்கும் செலவு உண்டு. நம் நன்கொடை அச்செலவுக்கே உரியது.

இனி விருந்தின் ஏற்பாட்டுக்கு வருவோம். முதலாவது கணக்கு. எடுத்துக்காட்டாக, 60 பேர் தலைக்கு 3,000 ரூபாய் தந்து ஓர் உயர்ந்த உணவுவிடுதியில் உண்கிறார்கள் என்று கொள்வோம். வரவு 1,80,000 ரூபாய். உணவுக்குத் தலைக்கு 2,200 ரூபாயும், மண்டபத்துக்கும் இசைக்கும் 30,000 ரூபாயும் சென்றால், எஞ்சுவது 18,000 ரூபாய். அதே 60 பேர் குடியிருப்பின் கூடத்தில் தலைக்கு 1,000 ரூபாய் தந்து, 300 ரூபாய்ச் செலவில் எளிய உணவு கொண்டால், எஞ்சுவது 42,000 ரூபாய். பகட்டு குறையக் குறைய அறம் வளர்வதை இக்கணக்கே காட்டும். நன்கொடையை முன்னதாகவே பெற்றுவிடுதல் நன்று. சமைக்க வேண்டிய அளவும் தெரியும், உணவும் வீணாகாது. சமையலை ஏற்பவர் ஒருவர், பணத்தை ஏற்பவர் வேறொருவர் என்று பிரித்துவிட வேண்டும். இயன்றவரை நன்கொடையை நிறுவனத்தின் பெயரிலேயே காசோலையாகப் பெறலாம். எந்த நிறுவனத்துக்குத் தருகிறோமோ அதற்கு முன்கூட்டியே எழுதி, எந்த ஆராய்ச்சிக்கு உதவி தேவை என்று கேட்டறிவது இன்றியமையாதது.

இரண்டாவது அழைப்பிதழ். பல மொழியினர் வாழும் குடியிருப்பு எங்களுடையது. மொழிபெயர்ப்பது என் தொழிலாதலால் அப்பணி என்னிடம் வந்தது. மேலைநாட்டார் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். இந்தியில் கர்க்கரோகம் என்பதற்கும் அதுவே பொருள். தமிழர் புற்று என்றனர். பெயர்கள் பல இருந்தும், எங்கள் குழுவில் சிலர், “கொடிய நோய் என்று மட்டும் போடுங்கள், பெயர் வேண்டாம்” என்றனர். பெயரைச் சொன்னால் நோய் தொற்றிவிடும் என்ற அச்சம் படித்தவரிடமும் இருக்கிறது. அந்த அச்சத்தினாலேயே பலர் வாயில் ஆறாத புண்ணையும், மார்பில் தோன்றிய கட்டியையும் மறைத்து வைத்துக் காலம் கடந்து மருத்துவரிடம் செல்கின்றனர். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டது என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு. இத்தனை பேரை வாட்டும் நோயின் பெயரை அழைப்பிதழில் அச்சிடத் தயங்குபவர், அதன் ஆராய்ச்சிக்கு எவ்வாறு துணைசெய்வார்? பெயரைத் தெளிவாகவே அச்சிட்டோம்.

மூன்றாவது, பந்தியில் எதை வைப்பது, எதை விலக்குவது என்பது. விருந்தினருள் சிகிச்சை பெறுபவரும் இருக்கக்கூடும். வாய்ப்புண் உள்ளவரும் உண்ணக்கூடியவாறு, காரம் இல்லாத குழைந்த சாதமும் ஒரு கூட்டும் இருக்கட்டும். அவை யாருக்கு என்று கேட்டு எவரையும் கூசச் செய்ய வேண்டா. மதுவும் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்பது ஆராய்ச்சியால் உறுதிப்பட்டது. ஆகையால் அதை விற்று இந்நிதி திரட்டுவது முரண்.

மதுவை விலக்க எவரும் மறுப்புக் கூறவில்லை. தாம்பூலத்தில்தான் தடை எழுந்தது. புகையிலை கூடாது என்பதை எல்லோரும் ஒப்பினர். பாக்கும் கூடாது என்றபோது, எங்கள் குடியிருப்பின் மூத்தவர் ஒருவர் வருந்தினார். “வெற்றிலை பாக்கு வைக்காமல் விருந்தினரை அனுப்பும் வழக்கம் நம்மில் உண்டா? ஒரு நாள் போட்டால் என்ன கெட்டுவிடும்?” என்றார். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று அதே பன்னாட்டு முகமை 2004-இல் வெளியிட்ட ஆய்வுரையை எடுத்துக் கூறினோம். அவர் மனம் இசையவில்லை. அப்போது, என்னுடன் பணிபுரிந்து வாய்ப்புற்றால் 51-ஆம் வயதில் மறைந்த நண்பரின் மனைவியார் பேசினார்.

“ஐயா, காலையில் சோற்றோடு பாக்குப் பொட்டலத்தையும் அவர் பையில் வைத்து அனுப்பியவள் நான். அதில் கேடு இருக்கிறது என்று அப்போது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்த பிறகும் நாமே தட்டில் வைத்து நீட்டலாமா?”

பெரியவர் மறுமொழி கூறவில்லை. விருந்தன்று மாலை அவரே ஒரு வெள்ளித்தட்டில் ஏலக்காயும் கற்கண்டும் பரப்பிக்கொண்டு வாயிலில் நின்றார். தாம்பூலம் எங்கே என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் காரணத்தையும் அவரே சொன்னார். அன்று ஆற்றிய சொற்பொழிவுகள் அனைத்தினும் அது பயன்மிக்கது.

இக்காரணம் பற்றியே இத்தகைய விருந்துகளை நான் ஆதரிக்கிறேன். ஆராய்ச்சியாளர் பல ஆண்டு உழைத்துக் கண்ட உண்மை ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. அது நம் வீட்டுத் தட்டுக்கு வந்து சேர வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிச் சென்று மக்களின் வாயைச் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் 34 விழுக்காடு குறைந்ததை 2005-இல் வெளியிட்டனர். விளக்கு வெளிச்சமும் பழகிய கண்ணும் செய்த வேலை அது. விருந்துக்கு ஒரு மருத்துவரை அழைத்து, வாயையும் மார்பையும் பற்றிப் பத்து நிமிடம் பேசச் செய்தால், வந்தவருள் ஒருவரேனும் மறுநாள் மருத்துவமனைக்குச் செல்வார்.

விருந்து முடிந்த பதினைந்து நாள்களுக்குள் வரவு, செலவு, அனுப்பிய தொகை, நிறுவனம் தந்த ரசீது ஆகிய நான்கையும் ஒரே தாளில் அச்சிட்டு, வந்தவர் அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஓராண்டு கழித்து, அந்த ஆராய்ச்சி எந்நிலையில் உள்ளது என்று நிறுவனத்தைக் கேட்டு மீண்டும் ஒரு கடிதம் எழுதுங்கள். இன்னும் முடியவில்லை என்பதே விடையானால், அதையும் அப்படியே எழுதுங்கள். உண்மை கேட்டுப் பழகிய விருந்தினர் மறுமுறையும் வருவார்கள்.