எலும்பு முறிவதும் தலையெழுத்தா?



எனக்கு முன் பேசிய தோழர்கள் பெரிய விஷயங்களைப் பேசினார்கள். நான் பேசப்போவது நம் வீட்டுக் கிழவிகளின் எலும்பைப் பற்றி. இது சிரிப்பதற்குரிய விஷயமல்ல.

என் தாயார் 68-ஆவது வயதில் வாசற்படியில் இடறி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு அவர்கள் எழுந்து நடக்கவேயில்லை. "சனி பிடித்துவிட்டது" என்றார் ஜோசியர். "வயதானால் அப்படித்தான்" என்றார்கள் உறவினர்கள். ஆனால், அதற்கு நான்கு வருஷத்திற்கு முன்பே சும்மா கையூன்றி விழுந்ததில் அவர்களுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. அன்று கட்டுப் போட்டோம். கோவிலில் விளக்கும் போட்டோம். லேசாக விழுந்ததற்கு எலும்பு ஏன் முறிந்தது என்று மாத்திரம் ஒருவரும் கேட்கவில்லை. படித்தவனென்று பெயர் வாங்கிய நானும் கேட்கவில்லை. குற்றம் சனியுடையதா, என்னுடையதா?

தோழர்களே! எலும்பு செத்த கட்டையல்ல. பழையது கரைந்தும் புதியது கட்டப்பட்டும் வருகிற உயிருள்ள பொருள். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால், கட்டுவதைவிடக் கரைவது அதிகமாகிறது. மாதவிடாய் நிற்பதற்கும் எலும்புத் தேய்வுக்கும் உள்ள சம்பந்தத்தை 1941-லேயே அமெரிக்காவில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற டாக்டர் எழுதிக்காட்டினார்.

2008-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு சர்வகலாசாலையார் ஃபிராக்ஸ் என்றொரு கணக்கை வெளியிட்டார்கள். அடுத்த 10 வருஷத்தில் ஒருவருக்கு எலும்பு முறியும் வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லுகிறது. ஜாதகமும் வருங்காலத்தைச் சொல்லுவதாகத்தான் சொல்லிக்கொள்ளுகிறது! ஆனால் இந்தக் கணக்கு நட்சத்திரத்தைக் கேட்பதில்லை. வயதென்ன, எடையென்ன, முன்பு லேசாக விழுந்து எலும்பு முறிந்ததுண்டா, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததுண்டா, புகை, குடி உண்டா, முடக்குவாதம் உண்டா, ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுவதுண்டா என்றுதான் கேட்கிறது. 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கும், ஆபரேஷனில் சினைப்பைகளை எடுத்துவிட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

எடையை ஏன் கேட்கிறார்கள்? மெலிந்த உடம்பில் எலும்பும் மெலிவு. நம் வீட்டுப் பெண்கள் ஏன் மெலிந்தார்கள்? எல்லோரும் சாப்பிட்ட மிச்சத்தைக் கடைசியில் சாப்பிடுவதும், வாரத்தில் இரண்டு நாள் விரதமிருப்பதும் பெண்ணுக்கு அழகென்று சொல்லிவைத்தோம். அந்த அழகின் பலன் 60 வயதில் முதுகு வளைந்து தெரிகிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. அது கோவிலில் இல்லை. கேழ்வரகு, பால், முள்ளோடு தின்னும் சிறுமீன், கொஞ்சம் வெயில், தினந்தோறும் நடை, வழுக்காத குளியலறை, இரவில் நடைவழிக்கு ஒரு விளக்கு. இவற்றோடு, எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா பரிசோதனையும், தேய்ந்தவர்களுக்கு மருந்தும் இருக்கின்றன. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் பயந்துகொண்டு தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரைக் கேட்கவேண்டும்.

ஆகவே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயாரைக் கேளுங்கள்: எலும்பு எப்போதாவது முறிந்ததா? உயரம் குறைந்து முதுகு வளைகிறதா? மாதவிடாய் எந்த வயதில் நின்றது? இதைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் மனைவியையோ, சகோதரியையோ விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பதில் சந்தேகமாயிருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நான் கேட்கத் தவறினேன். நீங்கள் தவறவேண்டாமென்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.