ஏலத்தோட்டப் பெண்களும் சட்டப் பாதுகாப்பும்



விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டைக் கடந்து, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் பலர். கங்காணியின் தகாத சொல்லையோ செயலையோ எதிர்த்தால் மறுநாள் வேலை இல்லை என்ற அச்சமே அவர்கள் வாயை அடைக்கிறது.

விசாகா வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின் அடிப்படையில் 2013-இல் சட்டம் பிறந்தது. 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியுமிடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். சிறு தோட்டமாயினும், முதலாளி மீதே புகாராயினும், மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவை நாடலாம். முதலாளி அனுப்பும் ஜீப்பும் பணியிடமே. 3 மாதத்துக்குள் புகார் தரவேண்டும். எழுத இயலாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். விசாரணை 90 நாளில் முடியவேண்டும்.

எல்லை தாண்டி வருபவருக்குக் குழு இருக்குமிடம் தெரியாவிடில் சட்டம் ஏட்டுச் சுரைக்காயே. ஜீப் புறப்படும் இடந்தோறும் அதன் முகவரி தமிழில் எழுதப்படுதல் வேண்டும்.