ஊர் பேசக் கேட்ட வானொலி

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



வானொலி என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது, எங்கோ தொலைவில் அமர்ந்து ஒருவர் பேச, ஊர் முழுதும் வாய்மூடிக் கேட்கும் காட்சியேயாம். விதை நேர்த்தி, உரமிடும் பருவம், மழை அறிவிப்பு, சந்தை விலை ஆகியவற்றை இவ்வாறு கேட்டு நாம் பயன் பெற்றோம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊர் பேச, வானொலி வாய்மூடிக் கேட்டதுண்டா? அயர்லாந்து நாட்டில் அவ்வாறு கேட்டார்கள். கேட்டதன் பயனாக அரசாங்கமே அசைந்ததும் உண்டு. அந்த வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

'டாக்குமெண்டரி' என்று ஆங்கிலத்தில் வழங்குவதை நாம் விவரணச் சித்திரம் என்கிறோம். அயர்லாந்து வானொலியின் விவரணச் சித்திரத்தில் பெரும்பாலும் நடிகர் இல்லை. வசனம் எழுதுவார் இல்லை. ஒரு நிகழ்ச்சியை வாழ்ந்து கண்டவர் தம் வாயால், தம் ஊர்ப் பேச்சில் அதைச் சொல்கிறார். கதவு திறக்கும் ஓசையும் கூரைமேல் மழை விழும் ஓசையும் மாடு கத்தும் ஓசையும் கூடவே கேட்கும். பல மணி நேரப் பதிவைச் சலித்து ஏறத்தாழ முக்கால் மணி நேரத்துக்குள் அடக்கிவிடுகிறார்கள். நெல்லைத் தூற்றுவது போன்ற வேலைதான்; கை தவறினால் பதரோடு மணியும் பறந்துவிடும்.

அயர்லாந்து சிறிய நாடு. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அக்குடியரசின் மக்கள்தொகை 51 இலட்சத்துக்குச் சற்று மேல். அங்கே வானொலி 1926-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் டப்ளின் நகரில் தொடங்கிற்று. தொடங்கி வைத்தவர் டக்ளஸ் ஹைடு. அவரே 1938-இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். ஆயினும் சிற்றூர்களில் அப்போது மின்சாரம் ஏது? வானொலிப் பெட்டிக்கு மின்கலமே உயிர். திராவகம் நிரம்பிய கனத்த கலத்தைக் கடைத்தெருவுக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வருவார்கள். அதில் உள்ள சக்தியை வீணாக்காமல், செய்திக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்ட வர்ணனைக்கும் என்று சேமித்து வைப்பார்கள். பெட்டி உள்ள வீட்டில் அண்டை அயலார் கூடுவர். சிற்றூர் மின்மயத் திட்டத்தின் முதல் கம்பம் டப்ளினுக்கு வடக்கே கில்சலகன் என்ற ஊரில் நடப்பட்டது 1946 நவம்பரில்தான். கையெழுத்திட்டு இசைவு தந்துவிட்டு, கம்பி இழுக்க ஆள் வந்தபோது வேண்டாம் என்று பின்வாங்கிய குடும்பங்களும் அங்கே உண்டு. இதைக் கேட்டு நம் தலைவர்களிற் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறோம்!

ஊராரின் வாய்மொழியைத் திரட்டும் பணியை அங்கே முதலில் மேற்கொண்டது வானொலி அன்று. 1935-இல் அரசு நிறுவிய நாட்டார் வழக்காற்று ஆணையம் அதைத் தொடங்கிற்று. அதன் தலைவர் ஜேம்ஸ் டெலார்கி. ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்றனர். 'எடிபோன்' என்ற பதிவுக் கருவியை அடுப்பங்கரையில் வைத்து, முதியோர் சொல்வதை மெழுகு உருளைகளில் பதித்துக்கொண்டனர். பின்னர் அதைக் கேட்டு எழுத்தில் வடித்தனர். 1937, 1938-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் மாணவர்கள், 50,000-க்கு மேற்பட்டோர், தத்தம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வந்தனர். வைத்திய முறைகள், வயல்களின் பெயர்கள், பஞ்ச காலத்துச் செய்திகள் யாவும் பள்ளி நோட்டுப் புத்தகங்களில் ஏறின. ஒரு பைசா ஊதியமின்றிப் பிள்ளைகள் செய்த வேலை அது!

ஆனால் இதில் ஓர் இழப்பும் இருந்தது. பணமுடையால் அந்த மெழுகு உருளைகளைச் சுரண்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார்கள். சொல் ஏட்டில் நின்றது. சொன்னவர் குரலோ மெழுகுத் தூளாய் உதிர்ந்தது. எத்தனை குரல்கள் அவ்வாறு போயினவோ என்று எண்ணும்போது நமக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டாகிறது.

1947-இல் வானொலி நிலையம் நடமாடும் பதிவு வண்டியை ஊர்ப்புறங்களுக்கு அனுப்பத் தொடங்கிற்று. வண்டியிலேயே இசைத்தட்டு வெட்டும் பொறி இருந்தது. ஒரு தட்டில் சில நிமிடங்களே அடங்கும். முதியவர் ஒருவர் கதையின் நடுவே இருமினாலும் தட்டு நிற்காது! ஷான் மாக் ரேமன் என்பவரும், குழலிசையில் வல்லவராகிய சேமஸ் என்னிஸ் என்பவரும் அவ்வாறு ஊர் சுற்றினர். என்னிஸ் முன்னரே ஆணையத்தில் பணியாற்றியவர். எந்த வீட்டில் எவ்வாறு அமர வேண்டும் என்பதை அறிந்தவர். 1954-இல் வந்து சேர்ந்த கீரன் மாக் மஹூனா வீட்டு அடுக்களைகளில் ஊர்க் கலைஞரின் இசையைப் பதிந்தார். அவருடைய ஞாயிறு காலை நிகழ்ச்சி 1970 முதல் 2005 வரை நடந்தது.

மேற்குக் கடலில் பெரிய பிளாஸ்கெட் என்றொரு தீவு உண்டு. அங்கே வாழ்ந்த பெக் சேயர்ஸ் என்ற மூதாட்டியார் தம் வாழ்க்கை வரலாற்றைத் தம் மகனிடம் சொல்லி எழுதுவித்தார். அது 1936-இல் நூலாயிற்று. அவர் வாழ்நாளிலேயே வானொலிக்காரர் அவர் குரலைப் பதிந்து வைத்தனர். 1953 நவம்பரில், எஞ்சியிருந்த இருபத்திரண்டு பேரையும் அரசு அத்தீவிலிருந்து கரைக்குக் குடியேற்றியது. இன்று அங்கே இடிந்த சுவர்கள் நிற்கின்றன. மூதாட்டியார் குரல் மட்டும் இன்னும் ஒலிக்கிறது.

இவை யாவும் இனிய செய்திகள். வானொலிக்காரர் வந்து கேட்டார், ஊரார் சொன்னார்கள், நன்று. ஆனால் எப்போதும் வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்டால்தான் நாங்கள் பேச வேண்டுமா என்று வினவினார்கள் ஐரிஷ் மொழி பேசும் மேற்குக் கரையோர மக்கள். நாட்டு வானொலியில் அவர்கள் மொழிக்குக் கிடைத்த நேரம் சொற்பம். 1970-இல் ஈஸ்டர் திருநாளை ஒட்டி, கானமாரா வட்டாரத்து ரோஸ் முக் என்ற சிற்றூரில் இளைஞர் சிலர் உரிமம் இல்லாமலே ஒரு சிறு வானொலியை நடத்திக் காட்டினர். சட்டப்படி குற்றந்தான், அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் இரண்டே ஆண்டுகளில், 1972 ஏப்ரல் 2-ஆம் நாள், 'ராடியோ நா கேல்தாக்டா' என்ற ஐரிஷ் மொழி நிலையம் அரசு ஆதரவிலேயே தொடங்கிற்று. அதன் தலைமையிடம் டப்ளினில் அன்று, கானமாராவிலேயே அமைந்தது. இன்றளவும் அது ஊர்களின் இறப்புச் செய்தியைக் கூட வாசிக்கிறது. யார் வீட்டில் துக்கம், அடக்கம் எப்போது என்று அறிய மக்கள் கேட்கிறார்கள். நம்மிடம் பறையறைந்து சொன்ன செய்தி அங்கே வானலையில் செல்கிறது எனலாம்.

இனிச் சொல்லப்போவது மனத்தை வருத்துவது. எனினும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஊர் என்பது கதையும் பாட்டும் மட்டுமன்று. ஊர் மறைத்து வைப்பதும் உண்டு.

1984 சனவரி இறுதி நாளன்று, லாங்ஃபோர்ட் மாவட்டத்துக் கிரானார்ட் என்ற சிறு நகரில், மாதா கெபியின் அருகே பதினைந்து வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி தனியே பிள்ளை பெற்றாள். குழந்தை இறந்தது. அன்றே அவளும் இறந்தாள். அவள் நிலை யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதில் அந்நகரம் வாய் திறக்கவில்லை. அப்போது கே பர்ன் என்பவர் நாள்தோறும் நடத்திவந்த வானொலி நிகழ்ச்சிக்கு நாடெங்கணுமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. எழுதியவர் பெரும்பாலும் பெண்கள். தமக்கும் இளமையில் இத்தகைய துன்பம் நேர்ந்தது, இதுகாறும் எவரிடமும் சொன்னதில்லை என்று எழுதியிருந்தனர். பிப்ரவரி 23-ஆம் நாள் நிகழ்ச்சியை அக்கடிதங்களுக்கே ஒதுக்கினர். ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தனர். இதனை இலக்கணப்படி விவரணச் சித்திரம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் உண்மைக் கதையை வானொலி சொல்லும் முறைக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு அந்நாட்டில் இல்லை என்பது எமது கருத்து. கருத்துரை கூறாமல் வாசிப்பது எளிதன்று, அன்பர்களே. அறிவுரை சொல்லும் ஆசை ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவர் எவரையும் விடாது. இதோ பேசுகின்ற நம்மையும் விடவில்லை!

அயர்லாந்தின் தேசிய வானொலியில் 'டாக்குமெண்டரி ஆன் ஒன்' என்னும் தொடர் இப்போது நடந்து வருகிறது. சொல்லத்தக்க கதை உடைய எவரும் அதன் ஆசிரியக் குழுவுக்கு எழுதலாம். முதல் முறையாக ஒலிவாங்கியைக் கையில் எடுப்பவருக்கும் குழுவினர் உடனிருந்து வழிகாட்டுகின்றனர். 2022 நவம்பரில் அத்தொடரில் 'பிளாக்ராக் பாய்ஸ்' என்ற விவரணம் ஒலிபரப்பாயிற்று. டப்ளினில் பெயர்பெற்ற பள்ளியொன்றில் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு உள்ளான சகோதரர் இருவர் அதில் பேசினர். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். தமக்கு நேர்ந்ததைப் பல்லாண்டு காலம் ஒருவருக்கொருவர் கூடச் சொன்னதில்லை.

ஒலிபரப்பைக் கேட்ட பிறகு மேலும் பலர் தம் துன்பத்தைச் சொல்ல முன்வந்தனர். வேறு பள்ளிகளின் பெயர்களும் வெளிவந்தன. 2023-இல் அரசு முதற்கட்ட விசாரணை ஒன்றை அமைத்தது. 2024 செப்டம்பரில் அதன் அறிக்கை வெளியாயிற்று. துறவற சபைகள் நடத்திய பள்ளிகளில் 308 பள்ளிகளைப் பற்றி 2,395 குற்றச்சாட்டுகள் பதிவாகியிருந்தன. குற்றஞ்சாட்டப்பட்டோர் 884 பேர். முழு அதிகாரம் உடைய விசாரணை ஆணையம் அமைக்கப்படும் என்று அரசு அப்போதே அறிவித்தது.

அந்த விவரணத்தை நாம் கேட்டோம். அச்சகோதரர் குரல் எங்கும் உயரவில்லை. சில இடங்களில் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த மௌனத்தை வெட்டியெறியாமல் விட்டார்களே, அதைத்தான் தொகுத்தவரின் திறமை என்போம். காவல் நிலையத்திலும் பள்ளி அலுவலகத்திலும் நம் ஊராட்சி மன்றத்திலும் ஒருவர் பேச்சு நின்றுவிட்டால், அடுத்தவரை அழைத்துவிடுவதுதானே வழக்கம்?

நேரம் ஆகிவிட்டது. மேற்கண்ட தொடரின் பழைய விவரணங்கள் பலவற்றை இணையத்தில் இன்று எவரும் இலவசமாகக் கேட்கலாம். உணவுக்குப் பின் அவற்றுள் ஒன்றை ஒலிபெருக்கியில் போட ஏற்பாடு செய்திருக்கிறோம். அயர்லாந்தாரின் ஆங்கிலம் காதுக்குச் சற்றுப் புதிது. ஆகையால் இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்லிவருவோம். ஐயம் உள்ளவர்கள் அப்போது கேட்கலாம்.