கோழிச் சந்தையில் ஃப்யூஸைப் பிடுங்கிய கதை



சாப்பாட்டுக்கு முன்னால் பேசச் சொல்லிவிட்டார்கள். பந்தியில் கோழி உண்டு என்று கேள்வி. ஆனாலும் கோழியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1997 மே மாதம் ஹாங்காங்கில் மூன்று வயதுப் பையன் ஒருவன் காய்ச்சலில் இறந்தான். அவனிடமிருந்து எடுத்த வைரஸ் எந்த வகை என்று அங்கே பிடிபடவில்லை, வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். ஆகஸ்டில் பதில் வந்தது: எச்5என்1. கோழிக்கு வருகிற சமாச்சாரம், மனுஷனுக்கு எப்படி? நவம்பர், டிசம்பரில் மேலும் 17 பேர். மொத்தம் 18 பேரில் 6 பேர் போய்விட்டார்கள்.

பதினெட்டுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஊருக்குப் பழைய அனுபவம் இருந்தது. 1957 ஏப்ரலில் ஆசியக் காய்ச்சல் அங்கே பரவியது. அடுத்த மாதமே சிங்கப்பூர்க் கப்பலில் ஏறி நம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. 1968-ல் வந்ததற்கு ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது. இரண்டிலும் உலகம் முழுக்கத் தலா பத்து லட்சம் பேர் அளவில் மாண்டதாக மதிப்பீடு.

இந்த வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. கழற்றி மாட்டுகிற உதிரிபாகம் மாதிரிதான். பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே உடம்பில் சந்தித்தால் துண்டுகள் இடம் மாறலாம். 1957-லும் 1968-லும் வந்தவை அப்படிப் பிறந்தவையே. 1997 டிசம்பரிலோ, மனிதர்களின் குளிர்காலக் காய்ச்சல் தொடங்குகிற நேரம்.

மாதக்கடைசியில் ஊரிலிருந்த கோழிகளையெல்லாம், சுமார் 15 லட்சம், சில நாட்களில் கொன்றார்கள். அப்போது சுகாதாரத் துறை இயக்குநர் மார்கரெட் சான். பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமைக்குப் போனவர். வெறும் 18 கேஸை வைத்துக்கொண்டு இப்படி ஒரு முடிவு! நம் தொழிலில் ஓடுகிற பிளான்ட்டை நிறுத்தச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த வயிற்றெரிச்சல். வெடிக்காத பாய்லருக்கு யார் மாலை போடுகிறார்கள்? என்னைக் கேட்டால், அவர்கள் செய்தது சரி. அதன்பின் புதிதாக ஒரு மனிதருக்கும் அந்தத் தொற்று அப்போது வரவில்லை.

ஆனால் மூலம் ஒழியவில்லை. தாய் வைரஸ் தென்சீனத்து வாத்துகளில் சுற்றிக்கொண்டே இருந்தது. 2001-ல் பறவைச் சந்தைகளுக்கு மாதம் ஒருநாள் கட்டாய விடுமுறை விட்டார்கள். அன்று கடையில் ஒரு கோழிகூட மிஞ்சக் கூடாது, கழுவிக் காய விடவேண்டும். நம்ம மொழியில் சொன்னால், மெயின்டனன்ஸ் ஷட்டவுன்.