புல்லும் நெருப்பும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிறவர்களுக்கு இன்று தரிசெங்கும் சீமைக்கருவேலமும், அதன் நடுவே கரிமூட்டத்தின் புகையுமே கண்ணில் படும். தழையும் மண்ணும் இட்டு மூடி, காற்றை அளந்து விட்டு, நாட்கணக்கில் வேகவைக்கும் அந்த நெருப்பு மரத்தைக் கரியாக்குமேயன்றி நிலத்தின் சுபாவத்தை மாற்றாது. நான் பேச வந்தது, திறந்த வெளியில் மனிதர் வேண்டுமென்றே வைத்த வேறொரு நெருப்பைப் பற்றி.

புல்லின் உயிர்நிலை மண்ணை ஒட்டி இருக்கிறது, மரக்கன்றுக்கோ நுனியில். கோடைத் தீ சருகை எரித்து ஓடியபின், நம் ஆடுகள் விரும்பும் கொழுக்கட்டைப்புல் போன்றவை முதல் மழைக்கே தளிர்க்க, கன்று கருகிப் பின்தங்குகிறது. வேரூன்றிய மரத்தின் கதை வேறு. சீமைக்கருவேலத்தை வெட்டினாலும் கட்டையிலிருந்து துளிர்க்கும் என்பதை இப்பக்கத்துச் சம்சாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீலகிரியில் தோதவர்கள் தங்கள் எருமைகளுக்கு இளம்புல் வேண்டிக் கோடைதோறும் தீயிட்டார்கள். காட்டை அழித்தே அப்புல்வெளி உண்டாயிற்று என்ற வாதம் நெடுங்காலம் வழங்கிற்று. ஆயினும் அங்குள்ள சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட முடிவு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் ஓங்கியிருந்ததைக் காட்டியது. மந்தை மேய்ப்பவர் எவரும் அங்கே வருமுன்னரே இருந்த புல் அது. தோதவரின் நெருப்பு அதைச் சிருஷ்டித்தது என்பதைவிட, பரிபாலித்தது என்பதே பொருத்தமென்பது என் அபிப்பிராயம்.

இன்னும் நுட்பமானது பிலிகிரிரங்கன் மலைச் சோளகரின் வழக்கம். கோடை முற்றுமுன்னே, புல்லில் ஈரம் சிறிது எஞ்சியிருக்கும்போதே, முழங்காலளவில் ஓடி அணையும் சருகுத்தீயை அவர்கள் வைப்பார்கள். பாதை தெளியும், புதுப்புல் எழும், தாங்கள் காய் பறிக்கும் நெல்லி மரங்களைப் பிடிக்கும் புல்லுருவியும் அதனால் அடங்கியிருந்தது என்பது அவர்கள் கூற்று. 1974-ல் அம்மலை சரணாலயமானது, தீ குற்றமாயிற்று. சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். ஆனால் வைக்கும் தீக்கும் மூளும் தீக்கும் அது பேதம் பார்க்கவில்லை. புல்லிருந்த இடத்தை உன்னிச்செடி வளைத்துக்கொண்டது. ஆளுயரப் புதராக அது மண்டியபின் பிடிக்கும் நெருப்பு கிளைவரை ஏறிவிடுவதால், பழைய வழக்கத்துக்கு இன்று அனுமதி கிடைத்தாலும், சோளகர் நெருப்பைக் கையில் எடுக்குமுன் வெட்டரிவாளைத்தான் எடுத்தாக வேண்டும்.