சிறு சூளையும் ஈரத்தின் அபாயமும்

குயவரும் வார்ப்பு வேலைக்காரரும் வெவ்வேறு தொழிலினராயினும், இருவர்க்கும் துணை நெருப்பே. இருவர்க்கும் சத்துரு ஈரமே.

மட்பாண்டம் வெளியே உலர்ந்து தோன்றினும் உள்ளே ஜலம் தங்கியிருக்கும். 100 டிகிரி சென்டிகிரேடில் அது ஆவியாகும். சூட்டை விரைந்து ஏற்றினால், ஆவி வெளியேற வழியின்றிப் பாண்டத்தைப் பிளந்துவிடும். ஆகையால் முதலில் சில மணி நேரம் சிறு தீயே தகும். சிறு சூளை விரைவில் சூடேறி விரைவில் ஆறுமாதலால், இந்நிதானம் அதற்கு மிகவும் அவசியம்.

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகுப் பிரதிமையின்மீது காவேரி வண்டலைப் பூசி உலர்த்திக் கருக் கட்டுவர். கருவைச் சுட, மெழுகு உருகி ஓடும். மூசையிலிட்டுத் தனியே உருக்கிய லோகத்தை அவ்வெற்றிடத்தில் வார்ப்பர். செம்பு உருகுவது 1,085 டிகிரியில். அத்தகைய லோகம் ஈரக் கருவில் விழுமாயின், நீர் கணத்தில் ஆவியாகி லோகத்தை வாரி இறைக்கும். கண்ணுக்கும் உயிருக்கும் அபாயம். ஆதலால் கருவை முழுதும் சுட்டு, சூடு ஆறுமுன்னரே வார்த்தல் வேண்டும்.

பெருஞ் சூளை நிரம்பும்வரை காத்திருத்தல் ஏழைத் தொழிலாளிக்கு நஷ்டம். ஒரே சூட்டில் யாவும் உடைந்தாலோ பெருநஷ்டம். சங்கத்தார் பொதுவில் ஒரு சிறு சூளை கட்டி, முறை வைத்து உபயோகிக்கலாம். ஒவ்வொரு சூட்டிற்கும் ஆன விறகின் எடை, நேரம், உடைந்த உருப்படிகள் ஆகியவற்றைக் கணக்குப் புத்தகத்தில் பதிந்து வருவது நலம். ஒருவர் கண்ட குறை அதனால் மற்றவர்க்குப் பாடமாகும்.